கழிவும் வற் வரியும் சேர்ந்த விற்பனை விலையைக் கணிக்கும் சார்புகளை எழுதுவது எப்படி? யாழ்ப்பாணக் கடைகளுக்குச் செய்நிரல் எழுதத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்து பைதான் பழகிய பிள்ளைகள் பலர், பெரியகடையிலோ சுன்னாகத்திலோ உறவினர் நடத்தும் கடைக்கு ஒரு சிறிய பற்றுச்சீட்டுச் செய்நிரலை எழுதிக் கொடுக்க முன்வருகிறார்கள். விலையிலிருந்து கழிவைக் கழித்து, வரியைக் கூட்டினால் முடிந்துவிடும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு புடவைக்கடைக்கு நான் இந்த வேலையைச் செய்தபோது, சார்புகளை (தரும் எண்களை வாங்கி ஒரு விடையைத் திருப்பித் தரும் செய்நிரல் பகுதிகளை) எழுதுவதற்கு எடுத்த நேரத்தை விட, எந்த விலையிலிருந்து எதைக் கழிப்பது, எந்தக் கட்டத்தில் மட்டந்தட்டுவது என்ற கேள்விகளுக்கு விடை தேடவே கூடுதலான நேரம் சென்றது. அந்த விடைகளை ஓரிடத்தில் தரும் தமிழ்க் கட்டுரை எதுவும் எனக்குக் கிடைக்காததால், அடுத்து வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகளை எழில் என்ற தமிழ் நிரலாக்க மொழியின் சொற்களைக் கொண்டு எழுதியிருக்கிறேன். "நிரல்பாகம்" என்பது சார்பைத் தொடங்கும், "பின்கொடு" என்பது விடையைத் திருப்பித் தரும், "@( ) ஆனால்" என்பது அடைப்புக்குள் உள்ள நிபந்தனை உண்மையா என்று பார்க்கும், "முடி" என்பது அந்தப் பகுதியை முடிக்கும். பைதானில் எழுதுபவர்கள் இவற்றுக்குரிய பைதான் சொற்களை இட்டுக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

1. கணினியைத் திறக்க முன்னர் சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

முதலில், கடை பெறுமதி சேர் வரிக்கு, அதாவது வற் வரிக்கு, பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதிவு செய்யப்பட்டிருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழ் இருக்கும். அதன் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். வரி செலுத்துநர் இலக்கத்தோடு 7000 என்ற இலக்கங்கள் சேர்ந்து வருவதுதான் வற் பதிவிலக்கம். வாடிக்கையாளருக்கு வரியைக் காட்டிக் கொடுக்கும் வரிப் பட்டியலில் அச்சிடப்பட வேண்டியதும் அதுவே. பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் வற் வரி அறவிட முடியாது. அப்படிப்பட்ட கடைக்கு வரிச் சார்பே தேவையில்லை. கழிவுச் சார்பு மட்டும் போதும். 2024 ஜனவரி முதல் பதிவுக்கான வரம்பு காலாண்டுக்கு 1.5 கோடி ரூபா அல்லது ஆண்டுக்கு 6 கோடி ரூபா விற்பனை என்று குறைக்கப்பட்டது. வரவுசெலவுத் திட்டங்களில் இந்த வரம்பு மாற்றப்படுவதுண்டு என்பதால், நீங்கள் வேலையைத் தொடங்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ கடையின் கணக்காளரிடமோ உறுதிப்படுத்துங்கள்.

அடுத்து, பொருட்பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி இருக்க வேண்டும்: வரிக்குட்பட்டது, பூச்சிய வீதம், வரிவிலக்கு. பிந்திய இரண்டிலும் வாடிக்கையாளர் செலுத்தும் வரி ஒரு சதமும் இல்லை என்பதால், பலர் இரண்டையும் ஒரே குறியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் வரி அறிக்கையில் இவை வெவ்வேறு கட்டங்களில் போகின்றன. பனங்கட்டியையும் ஒடியலையும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கடைக்கு அந்த விற்பனை பூச்சிய வீதம். கொள்வனவில் செலுத்திய வரியைக் கடைக்காரர் மீளக் கோரலாம். வரிவிலக்குப் பொருளுக்கு அந்த உரிமை இல்லை. எந்தப் பொருள் எந்த வகை என்பதை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் விலக்குப் பட்டியலிலிருந்து பல பொருட்கள் நீக்கப்பட்டன. ஆகவே பழைய பட்டியலை நம்புவதும் பிழையில் முடியும்.

மூன்றாவதாக, கழிவு விதிகளைக் கடைக்காரரின் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். "நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பதினைந்து வீதம், பத்தாயிரத்துக்கு மேல் வாங்கினால் இன்னும் ஐந்நூறு" என்று வாயால் சொல்லப்படும் விதி, செய்நிரலாக மாறும்போது குறைந்தது நான்கு கேள்விகளை எழுப்பும். பத்தாயிரம் என்பது கழிவுக்கு முன்னரா, பின்னரா? சரியாகப் பத்தாயிரம் ரூபாவுக்கு வாங்கியவருக்கு உண்டா? ஐந்நூறு வரி உள்ளடங்கிய தொகையிலிருந்தா? ஏற்கெனவே விலை குறைக்கப்பட்ட பொருளுக்கும் பதினைந்து வீதம் சேருமா? இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லாமல் செய்நிரலில் எதையும் எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

நான்காவதாக, கையால் எழுதிய பழைய பற்றுச்சீட்டுகள் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். அவை பின்னர் பரிசோதனைக்கு உதவும்.

செலவைப் பற்றிச் சொல்வதென்றால், பைதான், எழில், லிப்ரெஓபிஸ் ஆகிய யாவும் இலவசம். செலவு வரக்கூடிய ஒரே இடம் கணக்காளரின் ஆலோசனைக் கட்டணம். அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். பிழையான வரி அச்சிடப்பட்ட பற்றுச்சீட்டுகள் ஒரு காலாண்டு முழுவதும் சேர்ந்த பின்னர் திருத்துவது அதைவிடப் பல மடங்கு செலவாகும்.

2. ரூபாவைச் சதமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்

கணினி தசமங்களை இரும எண்களாக வைத்திருப்பதால், பூச்சியம் தசம் ஒன்றையும் பூச்சியம் தசம் இரண்டையும் கூட்டினால் பைதான் 0.30000000000000004 என்று காட்டும். 19.99 ஐ 100 ஆல் பெருக்கினால் 1999 வராது, 1998.9999999999998 வரும். அதை நிறைவெண்ணாக வெட்டினால் 1998 ஆகி, ஒரு சதம் காணாமற்போகும். ஆகவே எல்லாத் தொகைகளையும் சதத்தில், நிறைவெண்ணாக வைத்திருங்கள்: 5,900 ரூபா என்பது 590000. தட்டச்சில் வரும் விலையைச் சதமாக மாற்றும்போதும் தசமமாகப் பெருக்காமல், எழுத்தாக வாசித்து, புள்ளிக்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் தனித்தனியே எடுங்கள். "12.5" என்று தட்டச்சு செய்தவர் ஐம்பது சதத்தைக் கருதுகிறார், ஐந்து சதத்தை அல்ல, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் இருந்தால் பூச்சியம் ஒன்றைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

வீதங்களையும் இதேபோல் நூறால் பெருக்கி வையுங்கள். 18 வீதம் 1800 ஆகவும், 12.5 வீதம் 1250 ஆகவும் இருக்கும். அப்போது முழுமை என்பது 10000.

3. மட்டந்தட்டும் சார்பை முதலில் எழுதுங்கள்

மற்ற எல்லாச் சார்புகளும் இதையே அழைக்கப்போகின்றன. பாடசாலையில் படித்தபடி, பாதியும் அதற்கு மேலும் இருந்தால் மேலே தட்டுவோம். பைதானில் உள்ள "ரவுண்ட்" சார்பு அப்படிச் செய்வதில்லை. சரிபாதி வந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தட்டும், அதாவது 2.5 ஐ 2 ஆக்கும், 3.5 ஐ 4 ஆக்கும். எக்செலில் இதே பெயருள்ள சார்பு 2.5 ஐ 3 ஆக்குகிறது. கடைக்காரர் எக்செலிலும் நீங்கள் பைதானிலும் கணித்தால் சில பற்றுச்சீட்டுகளில் ஒரு சதம் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆகவே சொந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நிரல்பாகம் மட்டந்தட்டு( தொகுதி, பகுதி )
  பின்கொடு முழுவகு( 2 * தொகுதி + பகுதி, 2 * பகுதி )
முடி

இதில் "முழுவகு" என்பது மீதியை விட்டு ஈவை மட்டும் தரும் வகுத்தல். பைதானில் இரண்டு சாய்கோடுகள் அந்த வேலையைச் செய்யும். ஜாவாஸ்கிரிப்டில் தனிக்குறி இல்லை என்பதால், வகுத்த பின்னர் கீழ் நோக்கி வெட்டும் சார்பைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மறை எண்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். பைதானில் மறை ஏழை இரண்டால் முழுவகுத்தால் மறை நான்கு வரும், மறை மூன்று அல்ல. திருப்பிக் கொடுத்த பொருளுக்குத் தொகையை மறையாக அனுப்பினால், விற்ற நாளில் அறவிட்ட வரியும் திருப்பிய நாளில் விடுவித்த வரியும் ஒரு சதம் பொருந்தாமற்போகலாம். நேர் எண்ணாகவே கணித்து, இறுதியில் மட்டும் குறியை மாற்றுங்கள்.

4. கழிவுச் சார்பு

நிரல்பாகம் கழிவுத்தொகை( விலை, கழிவு_வீதம் )
  பின்கொடு மட்டந்தட்டு( விலை * கழிவு_வீதம், 10000 )
முடி

இந்தச் சார்பு கழிவுத் தொகையைத் தருகிறது, கழித்த விலையை அல்ல. பற்றுச்சீட்டில் "கழிவு" என்று தனி நிரை அச்சிட வேண்டியிருப்பதால் இப்படி எழுதுவதே வசதி. கழித்த விலை வேண்டுமென்றால் விலையிலிருந்து இதைக் கழியுங்கள். இரண்டையும் தனித்தனியே மட்டந்தட்டினால் கூட்டுத்தொகை பொருந்தாமற்போகலாம்.

கழிவுகள் ஒன்றுக்கு மேற்பட்டு வரும்போது கவனம் தேவை. 20 வீதமும் பின்னர் 10 வீதமும் சேர்ந்து 30 வீதம் ஆகாது. 10,000 ரூபா முதலில் 8,000 ஆகி, பின்னர் 7,200 ஆகும். மொத்தக் கழிவு 28 வீதமே. விளம்பரப் பலகையில் "20 + 10" என்று எழுதும் கடைக்காரர் இரண்டில் எதைக் கருதுகிறார் என்பதைக் கேட்டறியுங்கள், ஏனெனில் 7,000 ரூபாவை எதிர்பார்த்து வரும் வாடிக்கையாளர் காசாளரோடுதான் வாதிடுவார். வீதக் கழிவும் நிலையான தொகைக் கழிவும் சேர்ந்தாலும் வரிசை முக்கியம்: 10,000 இல் 10 வீதம் கழித்து 500 ஐயும் கழித்தால் 8,500, முதலில் 500 ஐக் கழித்து அதன்பின் 10 வீதம் கழித்தால் 8,550.

நிலையான தொகைக் கழிவு விலையை விடப் பெரிதாக இருந்தால் விடை மறையாகும். 300 ரூபாப் பொருளுக்கு 500 ரூபாச் சலுகைச் சீட்டைக் கொண்டுவருபவருக்குக் கடை 200 ரூபா கொடுக்கப்போவதில்லை. அதனால் விலைக்கு மேற்படாதபடி எல்லை இடுங்கள்.

நிரல்பாகம் நிலைக்கழிவு( விலை, சலுகை )
  @( சலுகை > விலை ) ஆனால்
    பின்கொடு விலை
  முடி
  பின்கொடு சலுகை
முடி

5. வரிச் சார்பு: இரண்டு தேவை, ஒன்று போதாது

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். விலை வரி சேராததாக இருந்தால் வரியைக் கூட்டுகிறோம். விலை வரி உள்ளடங்கியதாக இருந்தால் உள்ளே இருக்கும் வரியைப் பிரித்தெடுக்கிறோம். சில்லறைக் கடையில் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் விலை பெரும்பாலும் வரி உள்ளடங்கியது. பொதியில் அதிகூடிய சில்லறை விலை அச்சிடப்பட்ட பொருளை அந்த விலைக்கு மேல் விற்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே அந்த விலையின் மேல் 18 வீதத்தைக் கூட்டும் செய்நிரல் கடைக்காரரைச் சட்டச் சிக்கலில் தள்ளிவிடும்.

நிரல்பாகம் சேரும்_வரி( வரியற்ற_விலை, வீதம் )
  பின்கொடு மட்டந்தட்டு( வரியற்ற_விலை * வீதம், 10000 )
முடி

நிரல்பாகம் உள்ளடங்கிய_வரி( மொத்த_விலை, வீதம் )
  பின்கொடு மட்டந்தட்டு( மொத்த_விலை * வீதம், 10000 + வீதம் )
முடி

இரண்டாவது சார்பின் பகுதியெண்ணைக் கவனியுங்கள். 5,900 ரூபாவில் உள்ளடங்கிய வரி 5,900 இன் 18 வீதமாகிய 1,062 அல்ல. 118 இல் 18 பங்கு, சுருக்கினால் 59 இல் 9 பங்கு, அதாவது 900 ரூபா. வரியற்ற விலை 5,000. பொருந்துகிறதா என்று பார்க்க 5,000 இன் 18 வீதத்தைக் கணித்தால் அதே 900 கிடைக்கும். 1,062 என்று அச்சிடும் கடை ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் 162 ரூபாவைக் கூடுதலான வரியாகக் காட்டுகிறது.

6. எதை முதலில் செய்வது: கழிவா, வரியா?

விற்கும் வேளையிலேயே கொடுக்கப்படும் கழிவைக் கழித்து, எஞ்சிய தொகைக்கே வரியைக் கணியுங்கள். வீதக் கழிவு மட்டும் இருந்தால் வரிசையை மாற்றினாலும் இறுதித் தொகை மாறாது, ஏனெனில் இரண்டும் பெருக்கல்; மட்டந்தட்டலில் ஒரு சதம் வேறுபடலாம், அவ்வளவுதான். நிலையான தொகைக் கழிவில் அப்படியில்லை. வரியற்ற விலை 5,000 ரூபாவாக உள்ள பொருளுக்கு 500 ரூபாக் கழிவை வரிக்கு முன்னர் கழித்தால் வாடிக்கையாளர் 5,310 ரூபா செலுத்துவார். வரி சேர்த்த 5,900 இலிருந்து கழித்தால் 5,400 ரூபா செலுத்துவார். வேறுபாடு 90 ரூபா.

சில்லறைக் கடையில் "ஐந்நூறு ரூபாக் கழிவு" என்றால் வாடிக்கையாளர் கையால் கொடுக்கும் காசில் ஐந்நூறு குறையும் என்பதே பொருள். ஆகவே 5,900 இலிருந்து 500 ஐக் கழித்து, எஞ்சிய 5,400 இலிருந்து வரியைப் பிரித்தெடுங்கள்: வரி 823.73, வரியற்ற பெறுமதி 4,576.27. வரி 900 ஆகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் கடைக்காரர் தாம் பெறாத பணத்துக்கும் வரி செலுத்துவார். மொத்த வியாபாரத்தில், விலையை வரி சேராமல் பேசும் இடங்களில், முதல் முறையே வழக்கம்.

விற்பனை முடிந்து சில நாட்களின் பின்னர் கொடுக்கும் கழிவை இந்தச் சார்புகளுக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்குக் கடைகளில் கிரெடிட் நோட் என்று சொல்லும் செலவுத்தாள் எழுதப்படும். பழைய பற்றுச்சீட்டை மாற்றி அச்சிடக் கூடாது.

7. வீதத்தை எண்ணாக எழுதாமல் திகதியிலிருந்து பெறுங்கள்

செய்நிரலின் பத்து இடங்களில் 18 என்று எழுதி வைத்தால், வீதம் மாறும் நாளில் பத்தையும் தேட வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து மட்டும் வற் வீதம் பல முறை மாறியிருக்கிறது. திகதியை 20240101 போன்ற ஒரே எண்ணாக எழுதினால் ஒப்பிடுவது எளிது.

நிரல்பாகம் வரிவீதம்( திகதி )
  @( திகதி >= 20240101 ) ஆனால்
    பின்கொடு 1800
  முடி
  @( திகதி >= 20220901 ) ஆனால்
    பின்கொடு 1500
  முடி
  @( திகதி >= 20220601 ) ஆனால்
    பின்கொடு 1200
  முடி
  @( திகதி >= 20191201 ) ஆனால்
    பின்கொடு 800
  முடி
முடி

அதற்கு முந்திய திகதி வந்தால் பூச்சியத்தைத் திருப்பித் தராமல், பிழைச்செய்தியோடு செய்நிரலை நிறுத்துங்கள். பூச்சியம் என்பது ஓர் உண்மையான வீதம். பிழைக்கு அடையாளமாக அதைப் பயன்படுத்தினால் வரியில்லாத பற்றுச்சீட்டுகள் யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விடும்.

இன்றைய விற்பனைக்கு இன்றைய திகதி போதும். பழைய பொருள் திரும்பி வரும்போது, அது விற்கப்பட்ட நாளின் திகதியைக் கொடுக்க வேண்டும். முற்பணம் வாங்கிக்கொண்டு பின்னர் பொருள் கொடுக்கும் கடைகளில், கலியாணக் கூறைச்சேலைக்கு முன்பதிவு செய்வது போன்ற சந்தர்ப்பங்களில், எந்த நாள் கணக்கில் கொள்ளப்படும் என்பதைக் கணக்காளரிடம் கேட்டு, சார்புக்கு வெளியே தீர்மானித்துக் கொடுங்கள்.

8. பல பொருட்கள் உள்ள பற்றுச்சீட்டு

வரியை ஒவ்வொரு பொருளுக்கும் மட்டந்தட்டிக் கூட்டுவதா, மொத்தத்துக்கு ஒரே முறை கணிப்பதா? வரியற்ற விலை 12.25 ரூபாவாக உள்ள பொருள் மூன்று வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் வரி 2.205, மட்டந்தட்டி 2.21, மொத்தம் 6.63. மொத்தமாகிய 36.75 க்குக் கணித்தால் 6.62. ஒரு சதம்தானே என்று விட்டால், நூறு வாங்குபவருக்கு 221.00 க்கும் 220.50 க்கும் இடையே ஐம்பது சதம் ஆகிறது. நான் பரிந்துரைப்பது, பற்றுச்சீட்டில் ஒரு பொருளுக்குரிய நிரைக்கு ஒரு முறை, அதாவது விலையை எண்ணிக்கையால் பெருக்கிய பின்னர் மட்டந்தட்டுவது. பற்றுச்சீட்டில் அச்சிடப்படும் நிரைகளைக் கூட்டிப் பார்ப்பவருக்கு அடித்தொகை பொருந்த வேண்டும் என்பதே காரணம். கணக்காளர் வேறு முறையை விரும்பினால் அதன்படி செய்யுங்கள்; ஆனால் ஒரு கடையில் இரண்டு முறைகளும் கலக்கக் கூடாது.

முழுப் பற்றுச்சீட்டுக்கும் ஒரு கழிவு கொடுக்கப்படும்போது, அதைப் பொருட்களிடையே பெறுமதிக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். வரிக்குட்பட்ட பொருட்கள் 3,000 ரூபாவுக்கும், வரிவிலக்குப் பொருட்கள் 2,000 ரூபாவுக்கும் இருந்தால், 500 ரூபாக் கழிவில் 300 முதலாவதற்கும் 200 இரண்டாவதற்கும் போகும். பங்கிடும்போது மீதிச் சதம் தங்கும்: 100 ரூபாவைச் சமவிலையுள்ள மூன்று பொருட்களுக்குப் பங்கிட்டால் 33.33 மூன்று முறை, 99.99 தான். கடைசிப் பொருளுக்குப் பங்கைக் கணிக்காமல், மொத்தக் கழிவில் எஞ்சியதை அப்படியே கொடுத்துவிடுங்கள்.

9. காசாளரிடம் ரூபாவுக்கு மட்டந்தட்டுதல்

சதக் குற்றிகள் கடைகளில் புழங்காததால், காசாகச் செலுத்துபவரிடம் முழு ரூபாவே வாங்கப்படும். இதைத் தனிச் சார்பாக, எல்லாக் கணக்கும் முடிந்த பின்னர் செய்யுங்கள். பற்றுச்சீட்டில் "மட்டந்தட்டல்" என்று தனி நிரையாக அச்சிடுங்கள். விலையையும் வரியையும் இதற்காக மாற்றக் கூடாது. கீழ் நோக்கித் தட்டுவதே பாதுகாப்பானது. மேல் நோக்கித் தட்டினால் அதிகூடிய சில்லறை விலையைத் தாண்டிவிடும் ஆபத்து உண்டு. அட்டையால் செலுத்துபவருக்கு இது தேவையில்லை.

10. கடையில் நிறுவ முன்னர் செய்ய வேண்டிய பரிசோதனை

கீழுள்ளவற்றை உங்கள் சார்புகளுக்குக் கொடுத்து, விடைகள் ஒரு சதமும் பிசகாமல் வருகின்றனவா என்று பாருங்கள்.

வரியற்ற 5,000 ரூபா, 18 வீதம்: வரி 900.00.
வரி உள்ளடங்கிய 8,500 ரூபாச் சேலை, 15 வீதக் கழிவு: கழிவு 1,275.00, செலுத்துவது 7,225.00, உள்ளடங்கிய வரி 1,102.12, வரியற்ற பெறுமதி 6,122.88.
வரியற்ற 12.25 ரூபா: வரி 2.21.
நூறு வீதக் கழிவு: செலுத்துவதும் வரியும் பூச்சியம்.
300 ரூபாவுக்கு 500 ரூபாச் சலுகை: செலுத்துவது பூச்சியம், மறை அல்ல.
20231231 என்ற திகதி: வீதம் 1500. 20240101: வீதம் 1800.

இவற்றோடு, கடைக்காரரிடம் வாங்கிய பழைய பற்றுச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். பொருந்தாத இடங்களில் பிழை எப்போதும் உங்கள் பக்கம் இருக்குமென்றில்லை. கையால் எழுதியவர் வேறு விதமாகத் தட்டியிருக்கலாம். வேறுபாட்டுக்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, நல்லூர்த் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ முந்திய வாரத்தில் புதிய செய்நிரலை நிறுவ ஒப்புக்கொள்ள வேண்டாம். விற்பனை மந்தமான மாதத்தின் முதலாம் திகதியில் தொடங்கி, அந்த மாதம் முழுவதும் கையெழுத்துப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குரிய வற் வரி அடுத்த மாதம் 20 ஆம் திகதிக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதால், செய்நிரல் காட்டும் மாத மொத்தத்தைக் கையெழுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கணக்காளரிடம் கொடுக்க உங்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் கிடைக்கும். வீதம் மாறப்போவதாக அறிவிக்கப்பட்டால், வரிவீதச் சார்பின் மேற்பகுதியில் புதிய திகதிக்குரிய நிபந்தனையைச் சேர்த்து, மேலுள்ள பரிசோதனைகள் அனைத்தையும் மீண்டும் ஓட்டி, புதிய வீதம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முதல் நாள் மாலையிலேயே கடைக் கணினியில் ஏற்றிவிடுங்கள்.